காரில் மாற்றி வைத்த செட்டிங் ஏன் நிற்பதில்லை?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: புதுக் காரை நீங்களும் உங்கள் மனைவியும் மாறி மாறி ஓட்டுகிறீர்கள். மெமரி சீட் இருந்தும், அவர் ஓட்டிய பிறகு நீங்கள் ஏறினால் சீட்டும் மிரரும் அவர் அளவிலேயே கிடக்கின்றன. லேன் எச்சரிக்கையையும், சிக்னலில் நின்றதும் இன்ஜினைத் தானாக அணைக்கும் ஸ்டார்ட்-ஸ்டாப்பையும் அணைத்துவிட்டு இறங்கினால், மறுநாள் இரண்டும் திரும்ப ஆன் ஆகி நிற்கின்றன. கார் பழுதா, இல்லை எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பதிந்து வைக்கும் மெனு எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்கிறீர்கள். அப்படி ஒரு மெனு கிடையாது. கார் பழுதாக இருக்கவும் வாய்ப்புக் குறைவு. நீங்கள் சொன்ன இரண்டு தொல்லைக்கும் காரணம் வெவ்வேறு. முதலாவதை நீங்களே சரிசெய்துகொள்ளலாம். இரண்டாவது, கார் வேண்டுமென்றே செய்வது.

வாகன மின்னணுப் பழுது பார்ப்பதிலும் அதைப் பிறருக்குச் சொல்லிக் கொடுப்பதிலும் பல வருடம் போய்விட்டது. "வைத்த செட்டிங் நிற்கவில்லை" என்று வருகிற புகார்களில் நிஜமான பழுது சொற்பம்தான். பெரும்பாலும் ஓட்டுபவர் ஓரிடத்தில் மாற்றியிருப்பார், கார் வேறோர் இடத்திலிருந்து எடுத்துப் போட்டிருக்கும். சீட்டுக்கு ஒரு கன்ட்ரோல் யூனிட், கதவுக்கு ஒன்று, ஸ்கிரீனுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று என்று காருக்குள் தனித்தனிப் பெட்டிகள் இருக்கின்றன. கூட்டுக் குடும்பத்தில் ஆளுக்கொரு கணக்கு நோட்டு வைத்திருப்பது மாதிரி, ஒவ்வொன்றும் தன் கணக்கைத் தானே எழுதி வைத்துக்கொள்ளும். சீட்டின் நிலை சீட் யூனிட்டில் இருக்கும். ஸ்கிரீனின் மொழி, ஆடியோ, டிஸ்ப்ளே வடிவம் போன்றவை டிரைவர் ப்ரொஃபைலில் இருக்கும். புதிய மாடல்களில் அது தயாரிப்பாளரின் சர்வருக்கும் போய்வரும். மேப்பும் பாட்டும் உண்மையில் உங்கள் போனில் இருக்கின்றன. பாதுகாப்பு உதவிகளும் டிரைவ் மோடும் பல கார்களில் எங்கேயும் நிரந்தரமாகப் பதிவாவதில்லை. ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் தொழிற்சாலை வைத்த நிலைக்குத் திரும்பிவிடும். ஆகவே ஒரு செட்டிங் எந்த மெனுவில் இருக்கிறது என்று தேடுவதற்கு முன், அது எங்கே குடியிருக்கிறது என்று பாருங்கள். பாதி குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

சீட் விஷயத்துக்கு வருவோம். மெமரி சீட் இன்று நேற்று வந்ததல்ல. 1957-ல் வந்த காடிலாக் எல்டொராடோ பிரோம் காரிலேயே இருந்தது. கதவிலோ சீட்டின் பக்கவாட்டிலோ இருக்கிற 1, 2 பட்டனில் பதிவது முதல் படிதான். பல கார்களில் இக்னிஷன் ஆனில் இருக்க வேண்டும். 'செட்' அல்லது 'எம்' பட்டனை அழுத்தி, சில விநாடிக்குள் எண்ணை அழுத்தினால் பீப் சத்தம் வரும். இதோடு முடிந்தது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். 1-ஐ அழுத்தினால் உங்கள் அளவு வரும், அவ்வளவுதான். கதவைத் திறந்ததும் தானாக வர வேண்டுமென்றால், அந்த 1-ஐ உங்கள் கீயோடு, அல்லது ஸ்கிரீனில் உள்ள உங்கள் ப்ரொஃபைலோடு இணைக்கிற தனிப் படி ஒன்று உண்டு. சில மாடல்களில் மெமரி பட்டனையும் லாக் பட்டனையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், சிலவற்றில் ப்ரொஃபைல் பக்கத்தில் 'இந்தக் கீயை இணை' என்று இருக்கும். உங்கள் மாடலை நீங்கள் எழுதவில்லை, அதனால் எது உங்களுக்கு என்று என்னால் சொல்ல முடியாது. மேனுவலில் சீட் அத்தியாயம், கீ அத்தியாயம் இரண்டையும் பாருங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒன்றில்தான் எழுதியிருப்பார்கள்.

இணைத்த பிறகும் குழம்பும் வீடுகளில் நான் முதலில் கேட்பது, "இரண்டாவது கீ எங்கே இருக்கிறது?" என்பதைத்தான். கீலெஸ் காரில் கைப்பிடியைத் தொட்டதும் கார் ஒரு தாழ் அதிர்வெண் சிக்னலை அனுப்பி, பக்கத்தில் எந்தக் கீ இருக்கிறது என்று விசாரிக்கும். அப்போது உங்கள் பாக்கெட்டில் ஒன்றும் மனைவியின் கைப்பையில் இன்னொன்றுமாக இரண்டு கீ பதில் சொன்னால், கார் இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். எதை எடுக்கும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: ஒன்று முதலில் பதில் சொன்னதை எடுக்கும், ஒன்று கடைசியாக ஓட்டியவரின் ப்ரொஃபைலிலேயே நிற்கும், இன்னொன்று டிரைவர் கதவுப் பக்கம் இருக்கும் கீயைப் பார்க்கும். வீட்டு வாசலில் நிற்கிற காருக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் ஆணியில் தொங்கும் உதிரிக் கீகூடச் சில நேரம் எட்டிவிடும். சோதிப்பது சுலபம். ஒரு கீயைக் காரிலிருந்து நன்றாகத் தள்ளி வைத்துவிட்டு, மற்றதை மட்டும் எடுத்துப்போய்த் திறந்து பாருங்கள். பிறகு மாற்றிச் செய்யுங்கள். இரண்டு முறையும் சரியான ஆள் வந்தால் இணைப்பில் கோளாறு இல்லை. இருவரும் சேர்ந்து போகும் நாட்களில் மட்டும் ஏறியதும் எண் பட்டனை ஒரு முறை அழுத்திக்கொள்ளுங்கள். போனையே கீயாகப் பயன்படுத்தினாலும் இதே சிக்கல் வரும். முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் காணும் கார்களில் இந்தக் குழப்பம் குறைவு. 2019 மாடல் சுபாரு ஃபாரெஸ்டரில் உள்ள கேமரா 5 பேர் வரை நினைவில் வைத்துக்கொள்ளும். ஜெனிசிஸ் ஜிவி60 முகத்தைப் பார்த்துக் கதவையே திறக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்கிரீனின் மூலையில் 'கெஸ்ட்' என்று இருக்கிறதா? டெலிவரி எடுத்த அன்று அவசரத்தில் ப்ரொஃபைல் உருவாக்காமல் 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிவிட்டிருந்தால், இத்தனை நாளும் கெஸ்டில்தான் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். பல கார்களில் கெஸ்டில் செய்யும் மாற்றம் அடுத்த முறை நிற்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே வொர்க்‌ஷாப்புக்கு வந்துபோன கார்கள் உண்டு.

பதிவதற்கு முன், பதிய வேண்டிய நிலை சரியானதுதானா என்று பாருங்கள். தப்பான உட்காரும் நிலையைத் துல்லியமாக நினைவில் வைக்கிற கார் யாருக்கும் உதவாது. தினமும் ஓட்டும்போது போடுகிற செருப்பு அல்லது ஷூவோடு உட்காருங்கள். இடுப்பைச் சீட்டின் பின்பக்கம் வரை தள்ளி உட்கார்ந்து, பிரேக்கை அடிவரை மிதியுங்கள்; அப்போதும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். பிறகு முதுகுச் சாய்வு. தோள் சீட்டை விட்டு எழாமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் போய்ப் படிய வேண்டும். ஸ்டீயரிங்கின் நடுவுக்கும் மார்பெலும்புக்கும் 25 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். இது வசதிக்காக அல்ல. அந்த இடைவெளிக்குள் இருந்தால் விரியும் ஏர்பேக்கே காயப்படுத்தக்கூடும். உயரம் குறைந்தவர்கள் பெடலுக்காக முன்னால் நகர்ந்து, இந்த இடைவெளியைத் தெரியாமல் இழந்துவிடுகிறார்கள். அவர்கள் சீட்டை உயர்த்தி, முதுகைக் கொஞ்சம் சாய்த்து, ஸ்டீயரிங்கை உள்ளே தள்ளிக்கொண்டால் பெரும்பாலும் இடம் கிடைக்கும். ஹெட்ரெஸ்ட்டின் மேல்விளிம்பு தலையின் உச்சியளவுக்கு வந்தால் நல்லது. பல கார்களில் ஹெட்ரெஸ்ட்டும் ஸ்டீயரிங்கும் கையால் நகர்த்துபவை. அவை மெமரியில் சேராது. உங்கள் காரும் அப்படியென்றால், ஆள் மாறும்போதெல்லாம் அவற்றைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும்.

சீட் முடிந்த பிறகுதான் மிரர், ஏனென்றால் கண்ணின் இடம் மாறினால் மிரரில் தெரிவதும் மாறும். பெரும்பாலானவர்கள் பக்க மிரரில் தங்கள் காரின் உடம்பு நிறையத் தெரியும்படி வைக்கிறார்கள். அதில் கிடைப்பது நடு மிரரில் ஏற்கெனவே தெரிகிற அதே காட்சிதான். தலையை டிரைவர் கண்ணாடிப் பக்கம் ஒட்டிச் சாய்த்து, காரின் பக்கவாட்டு விளிம்பு மட்டும் தெரியும் வரை அந்த மிரரை வெளியே திருப்புங்கள். மற்ற மிரருக்குக் காரின் நடுவுக்குச் சாய்ந்து அதே மாதிரி. நிமிர்ந்து உட்கார்ந்தால் உங்கள் கார் மிரரில் தெரியாது. முதலில் சங்கடமாகத்தான் இருக்கும், ஆனால் பக்கத்துத் தடத்தில் மறைந்து வரும் வண்டி நன்றாகப் பிடிபடும். முழுக் குருட்டுப் பகுதியும் போய்விடாது, தலையைத் திருப்பிப் பார்க்கிற பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். ரிவர்ஸ் போட்டதும் மிரர் தரையைப் பார்த்துக் குனியும் வசதி வேலை செய்யவில்லை என்றும் அடிக்கடி கேட்பார்கள். நிறைய கார்களில் மிரர் தேர்வுக் குமிழ் நடுவில் இருந்தால் அது செயல்படாது. பயணி பக்கம் திருப்பி வைத்திருக்க வேண்டும். முன் கண்ணாடியில் வேகத்தைக் காட்டும் ஹெட்-அப் டிஸ்ப்ளே இருந்தால், அதன் உயரத்தையும் இப்போதே வையுங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டால் அது மங்கும் அல்லது காணாமலே போகும். டிஸ்ப்ளே கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். இவ்வளவும் முடிந்த பின் மெமரி பட்டனை அழுத்துங்கள்.

இறங்கும்போது சீட் தானாகப் பின்னால் நகர்கிற வசதி பற்றி ஒரு வார்த்தை. டிரைவருக்குப் பின்னால் குழந்தை சீட்டோ நீண்ட காலுள்ள ஆளோ இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். தானியங்கி நகர்வு நடக்கும்போது ஏதாவது ஒரு சீட் சுவிட்சைத் தொட்டால் பொதுவாக நின்றுவிடும் என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

இனி உங்களின் இரண்டாவது புகார். லேன் உதவி ஏன் திரும்ப ஆன் ஆகிறது? ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி, 2022 ஜூலை முதல் புதிய வகைக் கார்களிலும் 2024 ஜூலை முதல் விற்கப்படும் எல்லாப் புதுக் கார்களிலும் வேக வரம்பு எச்சரிக்கை கட்டாயம். ஓட்டுபவர் அணைக்கலாம், ஆனால் அடுத்த முறை ஸ்டார்ட் செய்ததும் அது தானாக ஆன் ஆக வேண்டும் என்பதும் விதி. அவசர நேரத்தில் தடத்துக்குள் இழுத்துவிடும் லேன் உதவிக்கும் அப்படியே. தயாரிப்பாளர்கள் ஒரே மென்பொருளைப் பல சந்தைகளுக்கும் பயன்படுத்துவதால், அந்த விதி இல்லாத நாட்டிலும் கார் அப்படியே நடந்துகொள்ளலாம்.

ஸ்டார்ட்-ஸ்டாப்பின் கதை வேறு. அதற்குப் பின்னால் இருப்பது எரிபொருள் மற்றும் புகைச் சோதனை. டபிள்யூஎல்டிபி என்ற சோதனை முறையில் 'முதன்மை மோட்' என்று ஒன்று உண்டு: முன்பு எந்த மோடில் நிறுத்தியிருந்தாலும், காரை ஆன் செய்ததும் எப்போதும் எது வருகிறதோ அதுதான் முதன்மை மோட். அப்படி ஒன்று இருந்தால் அதில் மட்டும் சோதித்தால் போதும். கார் நீங்கள் கடைசியாக வைத்ததை நினைவில் வைத்தால், மோசமாகக் குடிக்கும் மோடையும் சோதனைக் கணக்கில் சேர்க்க வேண்டிவரும். ஸ்போர்ட்டில் நிறுத்திய கார் மறுநாள் நார்மலில் எழுவதும், அணைத்த ஸ்டார்ட்-ஸ்டாப் திரும்ப வருவதும் இந்த வழியில் வந்தவைதான். இதற்கு வொர்க்‌ஷாப்பில் மருந்து இல்லை.

ஆனால் வலியைக் குறைக்க வழி உண்டு. ஸ்டீயரிங்கில் நட்சத்திரக் குறியிட்ட பட்டன் இருந்தால், நீங்கள் அதிகம் தொடுகிற ஒரு செயலை அதில் வைத்துக்கொள்ளலாம். சில மாடல்களில் ஏதோ ஒரு சாதாரணப் பட்டனை நீளமாக அழுத்தினால் வேக எச்சரிக்கை ஒலி நின்றுவிடும். ரெனோ தன் புதிய மாடல்களில் இதற்கென்றே 'மை சேஃப்டி' பட்டன் வைத்திருக்கிறது. நீங்கள் முன்பே தேர்ந்து வைத்த உதவி அமைப்புகள் அதை இரு முறை அழுத்தினால் ஒரே வீச்சில் வந்துவிடும். ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டு அழுத்தல் என்பது ஏற்கக்கூடிய விலைதான்.

அணைப்பதற்கு முன் இதையும் யோசியுங்கள். உங்களுக்கு எரிச்சல் தருவது உதவியா, சத்தமா? லேனில் மூன்று தனி விஷயங்கள் இருக்கின்றன: கோட்டைத் தாண்டினால் எச்சரிப்பது, தாண்டும்போது ஸ்டீயரிங்கை மெல்ல இழுப்பது, தடத்தின் நடுவிலேயே பிடித்து ஓட்டுவது. மூன்றையும் ஒன்றாக நினைத்து எல்லாவற்றையும் அணைத்துவிடுபவர்கள் நிறையப் பேர். பீப் சத்தத்தை ஸ்டீயரிங் அதிர்வாக மாற்றினாலோ ஒலியளவைக் குறைத்தாலோ பாதிப் பேருக்குப் போதும், இது பல கார்களில் நினைவிலும் நிற்கும். முன்வண்டி மோதல் எச்சரிக்கையில் 'சீக்கிரம், நடுத்தரம், தாமதம்' என்று இருப்பது பெரும்பாலும் எச்சரிக்கை வரும் நேரத்தை மட்டும் மாற்றும். தானியங்கிப் பிரேக் எப்போது பிடிக்கும் என்பதை அது தொடுவதில்லை. எல்லாக் கார்களிலும் அப்படித்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், மேனுவலில் அந்த ஒரு வரியைப் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். அவசரப் பிரேக்கை மட்டும் அணைக்காதீர்கள். அதை அணைப்பதற்கு எனக்குத் தெரிந்த நியாயமான காரணங்கள் கார் கழுவும் இயந்திரம், கட்டி இழுத்தல், சோதனை ரோலர் போன்றவைதான்.

ஸ்கிரீனில் செய்ய வேண்டியதையெல்லாம் நின்றுகொண்டிருக்கும்போதே செய்துவிடுங்கள். 2013-ல் அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் வெளியிட்ட வழிகாட்டுதல், ஓடும்போது செய்யும் ஒரு வேலைக்குக் கண் சாலையை விட்டு விலகும் ஒவ்வொரு பார்வையும் 2 விநாடிக்குள், மொத்தம் 12 விநாடிக்குள் இருக்க வேண்டும் என்கிறது. ஏசி காற்றின் திசையை மாற்றவே மூன்று மெனு தாண்ட வேண்டிய காரில் இந்தக் கணக்கு எங்கே நிற்கும்? சுவீடனில் 2022-ல் வீ பிலாகரே இதழ் நடத்திய சோதனையில், பட்டன்கள் உள்ள 2005 மாடல் வால்வோ வி70-ல் 10 விநாடியில் முடிந்த நான்கு வேலைகளுக்கு, டச் ஸ்கிரீன் உள்ள எம்ஜி மார்வெல் ஆரில் 44.6 விநாடி ஆனது. கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் தரும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப்பின் 2026 மதிப்பீட்டில் இண்டிகேட்டர், ஹசார்ட், வைப்பர், ஹாரன், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தொட்டுணரக்கூடிய தனிக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் மதிப்பெண் குறையும். உங்கள் காரில் பட்டனைச் சேர்க்க முடியாது, முகப்பில் உள்ள குறுக்குவழிப் பட்டையை மாற்றி அமைக்க முடியும். கண்ணாடிப் பனி நீக்கம், கேமரா, சீட் காற்று என்று உங்களுக்கு அவசரத்தில் தேவைப்படுகிறவற்றை அங்கே வையுங்கள். மேப் குரல் மட்டும் அலறுகிறது என்றால், அது பேசிக்கொண்டிருக்கும்போதே வால்யூம் குமிழைத் திருப்புங்கள். அதற்குத் தனி அளவு இருக்கிறது, பாட்டு ஓடும்போது திருப்பினால் அது மாறாது.

பழுதறியும் கருவியைச் செருகுகிற ஓபிடி போர்ட்டில் டாங்கிள் என்ற சின்னக் கருவியைச் செருகி, போன் ஆப் மூலம் இந்த அமைப்புகளை நிரந்தரமாக மாற்றலாம் என்று யாராவது சொல்வார்கள். சில கார்களில் ஸ்டார்ட்-ஸ்டாப் கடைசி நிலையை நினைவில் வைக்கும்படி மாற்ற முடிகிறது, அது உண்மை. அடுத்த மென்பொருள் அப்டேட் அதை அழித்துவிடலாம், வாரண்டிப் பேச்சில் உங்கள் பக்கம் பலவீனமாகலாம். லைட், ஹாரன் ஒலி போன்ற வசதிகளோடு நிறுத்திக்கொள்பவர்களை நான் தடுப்பதில்லை. பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் யூனிட்டுகளில் யார் கை வைத்தாலும் தடுப்பேன்.

எல்லாம் ஒழுங்காக இருந்து ஒரு நாள் திடீரென்று கலைந்தால், பேட்டரி இறங்கியதா, யாராவது டெர்மினலைக் கழற்றினார்களா என்று நினைத்துப் பாருங்கள். சீட் மோட்டாரில் உள்ள ஹால் சென்சார், மோட்டார் சுற்றும்போது வரும் துடிப்புகளை எண்ணித்தான் சீட் எங்கே இருக்கிறது என்று சொல்கிறது. கணக்கு தொடங்கிய புள்ளி தொலைந்தால் 1-ஐ அழுத்தியும் சீட் வேறெங்கோ போய் நிற்கும். சீட்டை ஒவ்வொரு திசையிலும் கடைசி வரை ஓட்டிவிட்டு மறுபடி பதிந்தால் பல கார்களில் சரியாகிவிடும். ஜன்னல் ஒரே தட்டில் ஏறாமல் போனாலும் இதே காரணம்தான்; முழுக்க ஏற்றி சுவிட்சைச் சில விநாடி பிடித்திருந்தால் மீண்டும் கற்றுக்கொள்ளும். அப்டேட்டுக்குப் பிறகும் சில செட்டிங் பழைய நிலைக்குப் போவதுண்டு. அதனால் உங்களுக்குப் பிடித்தபடி வைத்து முடித்ததும் ஒவ்வொரு செட்டிங் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காரை விற்கும் நாளில் ஃபாக்டரி ரீசெட் செய்வதோடு நிற்காமல், போன் ஆப்பில் உங்கள் கணக்கிலிருந்தும் காரை நீக்குங்கள். ரீசெட் காருக்குள் இருக்கும் தொடர்பு எண்களையும் வீட்டு முகவரியையும் அழிக்கும். சர்வரில் உள்ள இணைப்பு தனி.

இத்தனைக்கும் பிறகு சர்வீஸ் சென்டர் போக வேண்டி வந்தால், "செட்டிங் போய்விடுகிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர்கள் அட்வைசர் தாளில் அதையே எழுதி, டயக்னாஸ்டிக் கருவியைச் செருகி, பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். "இரண்டாவது கீயைக் காரிலிருந்து விலக்கி வைத்திருக்கிறேன், முதல் கீயை மட்டும் கொண்டு டிரைவர் கதவைத் திறக்கிறேன், ஸ்கிரீனில் என் பெயர் வருகிறது, சீட் மட்டும் நகரவில்லை" என்று சொல்லுங்கள். ப்ரொஃபைல் சரி, கீ சரி, சீட் யூனிட்டுக்குச் செய்தி போகவில்லை அல்லது இணைப்புப் படி விடுபட்டிருக்கிறது என்பது அந்த ஒரு வாக்கியத்திலேயே டெக்னீஷியனுக்குப் புரிந்துவிடும். இரண்டு கீயையும் கூடவே எடுத்துப்போங்கள்.